கீஹோல் ஆபரேஷன்: துளைதான் சின்னது

மலேசியாவின் பினாங்கில் அறுவைச் சிகிச்சை வார்டில் தாதியாக இருக்கிறேன். பித்தப்பைக் கல்லுக்கு கீஹோல் ஆபரேஷன் என்றதுமே பலருக்குப் பாதி பயம் போய்விடுகிறது. அதில் நியாயம் உண்டு. வயிற்றை நீளமாகக் கீறாமல், அரை முதல் ஒரு சென்டிமீட்டர் அளவில் மூன்று நான்கு துளைகள்தான். வலியும் காயத்தில் சீழ் பிடிப்பதும் குறைவு. பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். ஆனால் பயத்தோடு எச்சரிக்கையும் போய்விடுகிறது. நோயாளிகள் செய்யும் சில தவறுகள் இவை.

'சின்ன ஓட்டைதானே' என்று வலியைப் பொறுத்துக்கொள்வது

வயிற்றைத் திறந்தாலும் துளையிட்டாலும் உள்ளே நடப்பது ஒரே வேலைதான். அதே பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து பிரிக்கிறார்கள். பித்தநீர் செல்லும் குழாயான அதே பித்தநாளம் பக்கத்தில் இருக்கிறது. கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பவைப்பதால் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் உறுத்தி, தோள்பட்டை வலிக்கும். இரண்டு மூன்று நாளில் அது தணியும் என்று சொல்லித்தான் அனுப்புகிறோம். அதன்பிறகு எந்த வலி வந்தாலும் 'காற்று வலி' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

பிறை என்ற ஊரிலிருந்து வந்த ஓர் அக்கா ஐந்தாம் நாள் திரும்பி வந்தார். மூன்றாம் நாளிலிருந்தே வலி கூடியிருக்கிறது. பனடோலை விழுங்கிவிட்டு அடுப்படியில் நின்றிருக்கிறார். கண் மஞ்சளித்திருந்தது, வயிற்றில் கை வைக்க விடவில்லை. "ஓட்டை காய்ந்துவிட்டதே மிஸ்ஸி, அதனால்தான் வரவில்லை" என்றார். உள்ளே பித்தநீர் கசிந்து தேங்கியிருந்தது. குழாய் போட்டு வடித்து, எண்டோஸ்கோப்பி வழியாக நாளத்தில் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்து, வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். துளை போட்டதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அவரை அடக்கிவைத்த வீட்டார் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினாலோ, காய்ச்சல், ஓயாத வாந்தி, வயிறு உப்பல், கண் மஞ்சள், கறுத்த சிறுநீர் என எது வந்தாலோ, மறு சந்திப்புத் தேதிக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். நள்ளிரவானாலும் வாருங்கள்.

'தே தாரேக் மட்டும்தான் குடித்தேன்'

தே தாரேக் என்பது பால் தேநீர். பால் கலந்தால் அது சாப்பாட்டுக் கணக்கு. மயக்க மருந்துக்கு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும்.

இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை மறைப்பது

சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ஒரே வாரத்தில் கேஸ் சிலிண்டர் தூக்குவது

சிலிண்டருக்குள் இருக்கும் கேஸ் மட்டுமே 14 கிலோ. தொப்புள் துளை வழியாகக் குடல் பிதுங்கிவிடலாம். டாக்டர் சொல்லும்வரை வேறு யாராவது தூக்கட்டும்.

திறந்து செய்துவிட்டால் தோல்வி என்று நினைப்பது

உள்ளே அழற்சியும் ஒட்டுதலும் மிகுந்து நாளம் சரியாகத் தெரியாதபோது, திறந்து செய்வதே பாதுகாப்பு. ஆபரேஷனுக்கான சம்மதப் படிவத்தில் நீங்கள் கையெழுத்திடுவது அதற்கும் சேர்த்துத்தான். வாசித்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் அப்போதே டாக்டரிடம் கேளுங்கள்.