இருட்டில் உங்கள் சைக்கிள் கண்ணில் படுகிறதா? ஒரு சாயங்கால வேலை

சைக்கிளுக்கு லைட் வாங்கு என்றால் "தெருவிளக்கு எரியுதே, வழி நல்லா தெரியுதே" என்பார்கள். வழி நமக்குத் தெரிவது வேறு, பின்னால் வருகிற லாரிக்காரருக்கு நாம் தெரிவது வேறு. 60 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். ஓட்டுநர் நம்மைப் பார்த்து, மனதில் பட்டு, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், வண்டி வேகம் குறையாமலே 25 மீட்டர் வந்திருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. இருட்டியதும் தெருவில் வெளிச்சம் இல்லாத இடமாகப் பார்த்து சைக்கிளை நிறுத்துங்கள். பின்பக்கமாக முப்பது தப்படி நடந்து போய், செல்போன் டார்ச்சைப் போட்டு நெற்றிப்பொட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள். பின் ரிஃப்ளெக்டர் பளிச்சென்று எரிய வேண்டும். அப்படியே போனை இடுப்புக்கு இறக்கினால் மங்கிவிடும். வெளிச்சம் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்புவதுதான் ரிஃப்ளெக்டரின் வேலை, அதனால்தான் ஹெட்லைட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஓட்டுநரின் கண்ணுக்கு அது தெரிகிறது.

எரியவில்லையா? பெரும்பாலும் அழுக்குதான். சோப்புத் தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்துத் துடையுங்கள், சாம்பல், உப்புத்தாள் எல்லாம் வேண்டாம், கீறல் விழுந்துவிடும். விரிசல் விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் ரேடியம் ஸ்டிக்கர். பெயர்தான் ரேடியம், உள்ளே அது துளிகூடக் கிடையாது. நம்பர் பிளேட் ஒட்டும் கடைகளில் வெட்டியது போக மிஞ்சிய துண்டுகளே நமக்குப் போதும். நிறத்தில் மட்டும் விளையாடாதீர்கள். லாரிகளில் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் ஒட்டியிருப்பார்கள், அதையே பின்பற்றுங்கள். முன்னால் சிவப்பை ஒட்டினால் எதிரே வருபவருக்கு நீங்கள் வருகிறீர்களா போகிறீர்களா என்றே புரியாது.

எங்கே ஒட்டுவது? என் ஓட்டு பெடலுக்கும் அதன் கட்டைக்கும்தான். அசையாத சிவப்புப் புள்ளி மைல்கல்லாகவும் இருக்கலாம், நின்றுபோன வண்டியாகவும் இருக்கலாம். மேலும் கீழுமாக ஏறி இறங்குகிற இரண்டு புள்ளிகளைப் பார்த்தால் மனுஷக் கால் என்று சட்டென்று பிடிபடும். ஒட்டும் இடத்தில் கிரீஸ் இருந்தால் துடைத்து, கழுவி, நன்றாகக் காயவிட்டு ஒட்டுங்கள். ரிம்மில் ஒட்டுபவர்கள் கவனம்: கேபிள் பிரேக் என்றால் ரப்பர் கட்டை ரிம்மின் பக்கவாட்டில்தான் உரசும், அங்கே ஒட்டக்கூடாது. பழைய கம்பி பிரேக் வண்டியில் கட்டை ரிம்மின் உள்பக்கத்தைப் பிடிக்கும், அதனால் பக்கவாட்டில் தாராளமாக ஒட்டலாம்.

இதெல்லாம் சட்டமா என்றால், மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் உள்ளதற்குத்தான், நமக்கு ஆர்.சி.யும் இல்லை லைசென்ஸும் இல்லை. ஆனால் சைக்கிள் ரிஃப்ளெக்டருக்கென்றே ஒன்றிய அரசு 2020-ல் ஒரு தரக்கட்டுப்பாட்டு ஆணை போட்டது, புதிதாக வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடிப் பாருங்கள். அந்தக் காலத்தில் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் டயர் காற்றை இறக்கிவிடுவார் என்று அப்பா சொல்வார். இப்போது அந்தப் பயமும் இல்லை, விளக்கும் இல்லை.

ரிஃப்ளெக்டர் அடுத்தவர் வெளிச்சத்தை நம்பி இருக்கிறது. ஹெட்லைட் எரியாத பைக்குக்கு நீங்கள் தெரிய வேண்டுமானால் சொந்தமாகப் பின்னால் ஒரு சிவப்பு லைட் வேண்டும். சீட்டுக்கு அடியில் மாட்டாதீர்கள். நான் மாட்டினேன். ஒரு மழை நாளில் வீட்டுக்கு வந்து இறங்கிப் பார்த்தால், மழைக்கோட்டின் பின்பக்கம் லைட்டை முழுசாக மூடியிருக்கிறது, வழி நெடுக அது கோட்டுக்குள் எனக்காக மட்டும் எரிந்திருக்கிறது! கேரியரின் கடைசிக் கம்பியிலோ பின் மட்கார்டிலோ மாட்டுங்கள். முன் லைட்டைக் கொஞ்சம் தரையைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள், எதிரே வருபவர் கண் கூசினால் நமக்குத்தான் ஆபத்து. டைனமோ வைத்திருப்பவர்கள் சிக்னலில் நின்றால் விளக்கும் அணைந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

பளபள பச்சை ஜாக்கெட் பகலுக்கு நல்லது. ராத்திரியில் அதிலுள்ள வெள்ளிப் பட்டைதான் வேலை செய்யும், பட்டை இல்லாவிட்டால் அந்தப் பச்சையால் பெரிய பிரயோஜனம் இல்லை.

எல்லாம் முடிந்ததும் அதே டார்ச் சோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள், ஆனால் வெறும் வண்டியில் வேண்டாம். தினமும் எதை ஏற்றுவீர்களோ, பால்கேனோ, அரிசிப் பையோ, பிள்ளையின் புத்தக மூட்டையோ, அதைக் கேரியரில் கட்டி, வீட்டில் யாரையாவது சீட்டில் உட்காரவைத்து, முப்பது தப்படி பின்னால் போய்ப் பாருங்கள்.