50 வயது பாய்மரப் படகைத் தேற்றி, செசபீக்கில் முதல் பயணம் போவது எப்படி?

அமெரிக்கக் கிழக்குக் கரையில், குறிப்பாக செசபீக் விரிகுடாவை ஒட்டிய மேரிலாந்து பக்கம், 1970-களில் கட்டிய ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகுகள் பழைய கார் விலைக்குக் கிடைக்கின்றன. மரீனா (படகு நிறுத்தும் துறை) வாடகை கட்டி அலுத்துப்போன உரிமையாளர், "எடுத்துக்கிட்டுப் போனால் போதும்" என்று சும்மாவே கொடுத்துவிடுவதும் உண்டு. ஃபைபர்கிளாஸ் உடல் லேசில் அழியாது. அதில் திருகியது, ஒட்டியது, செருகியது எல்லாம் அழியும். செலவு அங்கேதான்.

புதிதாகப் படகு வாங்கியவர்கள் மெத்தை உறையிலும் பெயின்ட்டிலும் ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே சொல்லப்போகும் வரிசை வேறு. படகை மூழ்கடிக்கக்கூடியது முதலில். பாய்மரத்தைச் சாய்க்கக்கூடியது அடுத்து. நடுவழியில் நிறுத்தக்கூடியது மூன்றாவது. மெத்தைக்கு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

உதாரணத்துக்கு கேட்டலீனா 27 என்ற படகை எடுத்துக்கொள்கிறேன். 1971-இல் வரத் தொடங்கி 6,000-க்கும் மேல் கட்டப்பட்டது. 27 அடி நீளம். வழக்கமான கீல் (படகு கவிழாமல் அடியில் தொங்கும் கனமான பாகம்) உள்ள படகு தண்ணீருக்குள் 4 அடி இறங்கி நிற்கும். இதன் நோய்கள் எல்லாருக்கும் தெரிந்தவை, உதிரிபாகங்களும் கிடைக்கின்றன. வேறு படகு வைத்திருந்தாலும் வரிசை இதேதான்.

படி 1: கரையேற்றி அடியைப் பாருங்கள்

தண்ணீரில் மிதக்கும் படகைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கிரேனில் தூக்கிக் கரையில் நிறுத்தச் சொல்லுங்கள். வாங்கும் முன்னரே என்றால் படகுகளைச் சோதித்து அறிக்கை தரும் தகுதிபெற்ற சர்வேயர் ஒருவரை அழைப்பது நல்லது. காப்பீட்டு நிறுவனங்கள் பழைய படகுக்குப் பெரும்பாலும் சர்வே அறிக்கை கேட்கும் என்பதால் அந்தப் பணம் வீண் போகாது.

முதலில் கீல். கேட்டலீனாவில் ஈயத்தாலான கீல், படகின் அடியில் போல்ட்டுகளால் தொங்குகிறது. இரண்டும் சேரும் இடத்தில், முன்பக்கமாக, புன்னகை மாதிரி வளைந்த ஒரு விரிசல் தெரியும். மெல்லிய கோடு என்றால் பயமில்லை. அதிலிருந்து துருநீர் கசிந்து வழிந்திருந்தாலோ, படகைக் கரையேற்றி நாலு நாளாகியும் ஈரம் காயாவிட்டாலோ, உள்ளே போல்ட்டுகளைப் பார்த்தே ஆக வேண்டும். பழைய கேட்டலீனா 27-களில் துருப்பிடிக்கும் சாதாரண இரும்பு போல்ட்டுகள் உண்டு. நட்டைச் சுற்றி இரும்பு செதில் செதிலாக உதிர்ந்தால், விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது வேறு படகு பாருங்கள்.

அடுத்தது நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஓட்டைகள். ஆமாம், படகிலேயே வேண்டுமென்று போட்ட ஓட்டைகள்: எஞ்சினுக்குக் குளிர்நீர் உறிஞ்ச ஒன்று, கழிப்பறைக்கு, சிங்க் தண்ணீர் வெளியேற என்று பல. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு இருக்க வேண்டும். பழைய படகுகளில் வீட்டுத் தோட்டக் குழாயில் இருப்பது போன்ற பித்தளை கேட் வால்வுதான் பெரும்பாலும் இருக்கும். உப்புநீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்துபோய், மீதி உளுத்துப்போகும். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். அவசரத்தில் திருகும்போது கைப்பிடியோடு கையில் வந்துவிடும். இவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, வெண்கலத்திலோ கடலுக்கென்று செய்த வலுவூட்டிய நைலானிலோ ஆன, சீகாக் என்ற கடல் வால்வைப் போடுங்கள். அதைக் கால்வட்டம் (90 பாகை) திருப்பினால் திறக்கும், மூடும். கைப்பிடியைப் பார்த்தாலே எந்த நிலை என்று தெரியும்.

இதில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், கணக்கு அப்படி. ஒன்றரை அங்குல ஓட்டை ஒன்று நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே திறந்துகொண்டால், நிமிடத்துக்கு 150 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். சிறு படகுகளில் வழக்கமாக இருக்கும் பில்ஜ் பம்ப் (அடியில் தேங்கும் நீரை வெளியேற்றுவது) மணிக்கு 500 கேலன் என்று அட்டையில் போட்டிருக்கும். அது நிமிடத்துக்கு 31 லிட்டர்தான், அதுவும் பேட்டரி முழுதாக இருந்து, தண்ணீரை மேலே ஏற்ற வேண்டியிராவிட்டால். ஆகவே பம்பை நம்பாதீர்கள். ஒவ்வொரு சீகாக்கின் பக்கத்திலும் கூம்பு வடிவ மென்மர அடைப்பான் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். குழாய்கள் கையால் அழுத்தும்போது விறைப்பாக, வெடிப்போடு இருந்தால் மாற்றுங்கள். இடம் இருக்கும் முனைகளில் இரண்டு ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் போடுங்கள்.

எஞ்சின் தண்டு வெளியே போகும் இடத்தில், நீர் புகாமல் அடைக்கும் ஸ்டஃபிங் பாக்ஸ் இருக்கும். பழைய வகையில் தண்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழுவது நோயல்ல, அதற்கான குளிர்ச்சியே அதுதான். சொட்டே விழாதபடி இறுக்கினால் சூடாகித் தண்டு தேயும்.

படி 2: டெக்கைத் தட்டுங்கள்

டெக் என்ற மேல்தளம், இரண்டு ஃபைபர்கிளாஸ் தகடுகளுக்கு நடுவில் பால்சா மரமோ பிளைவுட்டோ வைத்து ஒட்டியது. மேலே திருகிய ஒவ்வொரு பொருளின் திருகு ஓட்டை வழியாகவும் மழைநீர் உள்ளே போய் மரத்தை அழுகவைக்கும். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால், தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல, அடிக்கு நாலு இடம் தட்டிக்கொண்டே போங்கள். 'டக்' என்று கணீரென்று கேட்டால் சரி. 'தொப்' என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே ஈரம். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள்.

வட்டம் சிறியது என்றால் வேலை எளிது. பொருளைக் கழற்றி, ஓட்டையைப் பெரிதாக்கி, ஈரத்தை உலரவிட்டு, கெட்டிப்படுத்திய எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்ததும் நடுவில் மறுபடி துளையிட்டு, பியூட்டைல் டேப் (நீர் புகாமல் அடைக்கும் மென்மையான ரப்பர் பட்டை) வைத்து இறுக்குங்கள். இனி நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. நிரந்தரமாகப் பிடிக்கும் பாலியூரிதேன் பசையை இங்கே தடவ வேண்டாம். அடுத்த தடவை கழற்றும்போது டெக்கும் கூடவே வரும். வட்டங்கள் சேர்ந்து பெரிய நிலப்படம் ஆகிவிட்டால், அது முதல் படகுக்காரருக்கான வேலை இல்லை.

படி 3: பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகள்

பாய்மரம் தானாக நிற்பதில்லை. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஸ்டெயின்லெஸ் கம்பிக்கயிறுகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. உப்புநீரில் ஓடும் படகில் இவற்றுக்கு 10 முதல் 15 ஆண்டு ஆயுள் என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். கடைசியாக எப்போது மாற்றியது என்று விற்றவருக்குத் தெரியாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு டிஷ்யூ தாளைக் கம்பியைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே இழுங்கள். எங்காவது தாள் மாட்டிக் கிழிந்தால் அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது. ஓர் இழை போனாலும் முழுக் கம்பியையும் மாற்ற வேண்டும். கம்பி முனையை அழுத்திப் பிடித்திருக்கும் உருளையில் மயிரிழை வெடிப்பு உண்டா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். கீழ்முனையில்தான் நீர் தேங்கும், ஆகவே அங்கேதான் முதலில் வெடிக்கும்.

பலர் விட்டுவிடுவது செயின்பிளேட். கம்பிகளைப் படகோடு இணைக்கும் இந்தப் பட்டை, டெக்கைத் துளைத்துக் கீழே போகிறது. ஸ்டெயின்லெஸ் பளபளப்பாக இருப்பதே அதன்மேல் காற்று படுவதால்தான். டெக்குக்குள் மறைந்த அந்த ஓரங்குலத்தில் ஈரம் உண்டு, காற்று இல்லை. அங்கே அரித்துக்கொண்டே போகும். மேலேயும் கீழேயும் கண்ணாடிபோல இருக்கிறதே என்று விடாமல், ஒவ்வொன்றாக வெளியே உருவிப் பாருங்கள்.

படி 4: எஞ்சினும் மின்சாரமும்

அந்தக் காலப் படகுகள் பலவற்றில் அட்டாமிக் 4 என்ற பெட்ரோல் எஞ்சின் இருக்கும். நல்ல எஞ்சின்தான், ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் போய்த் தேங்கும். ஸ்டார்ட் செய்யும் முன், எஞ்சின் அறைக் காற்றை வெளியேற்றும் காற்றாடியைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிடுங்கள். அப்புறம் எஞ்சின் அறையைத் திறந்து மோந்து பாருங்கள். மூக்குக்கு நிகரான கருவி இதுவரை வரவில்லை. டீசல் எஞ்சின் என்றால் இந்தக் கவலை குறைவு.

எந்த எஞ்சினானாலும் ஸ்டார்ட் ஆனதும் பின்னால் எட்டிப் பார்த்து, புகைக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். குளிர்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) வருடம் ஒருமுறை மாற்றி, உதிரியாக ஒன்றைக் கையில் வைத்திருங்கள். தண்டில் மாட்டும் அனோடு, உலோகங்களுக்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதற்கென்றே இருப்பது. பாதி கரைந்ததும் மாற்றுங்கள். செசபீக்கின் மேல்பகுதி உப்பு குறைந்த நீர் என்பதால் அங்கே துத்தநாகத்தைவிட அலுமினியம் சரிப்படும்.

மின்சாரத்தில் புதியவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. எங்கே போகிறது என்று தெரியாத ஒயர்களைக் கழற்றிவிடுங்கள், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் போடுங்கள். ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: கரை மின்சாரம் உள்ள மரீனாவில் நீந்தாதீர்கள், குழந்தைகளை இறங்கவிடாதீர்கள். எங்கோ ஒரு படகின் பழுதான ஒயரிலிருந்து தண்ணீரில் கசியும் மின்சாரம் உயிரைப் பறிக்கும்.

படி 5: கிளம்பும் முன் காகித வேலை

1972 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் மேரிலாந்தில் மோட்டார் உள்ள படகை ஓட்டப் பாதுகாப்புக் கல்விச் சான்றிதழ் வேண்டும். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, தூக்கி எறியக்கூடிய மிதவை ஒன்று, அபாய விளக்கோ ஃபிளேர் என்ற ஒளிவெடியோ, காலாவதி ஆகாத தீயணைப்பான், விஎச்எஃப் ரேடியோ. அவசர அழைப்புக்கான சேனல் 16-ஐத் திறந்தே வைத்திருங்கள். ஏப்ரலில் காற்று இதமாக இருக்கும், தண்ணீர் இன்னும் குளிர் அடங்காமல் இருக்கும். அங்கியை அப்போதும் கழற்றாதீர்கள்.

படி 6: முதல் பயணம், அனாபொலிஸிலிருந்து ரோட் ரிவர்

செசபீக் விரிகுடா சுமார் 320 கிலோமீட்டர் நீளம். சராசரி ஆழமோ 6.4 மீட்டர்தான். ஆழம் குறைவு என்பதால் அலை உயரமாக எழும்பாது, ஆனால் நெருக்கமாக, செங்குத்தாக வந்து முகத்தில் அறையும். ஓதம், மேரிலாந்தின் தலைநகரான அனாபொலிஸ் பக்கம் ஒன்றிரண்டு அடிதான். வடமேற்குக் காற்று இரண்டு நாள் பலமாக வீசினால் அதைவிட அதிகமாகத் தண்ணீர் வெளியே தள்ளப்பட்டுவிடும். எனவே குளிர்காற்றுக்குப் பின் வரைபடத்தின் ஆழத்தை அப்படியே நம்பக்கூடாது.

ரோட் ரிவர் என்ற சிற்றாறு அனாபொலிஸுக்குத் தெற்கே சுமார் 10 கடல் மைல். இந்தப் படகு அதிகபட்சம் 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) போகும். நீங்கள் 4 என்று கணக்கிடுங்கள். ஆக இரண்டரை மணி நேரம். காலை 8 மணிக்குக் கிளம்பினால் நண்பகலுக்கு முன் நங்கூரம் போட்டுவிடலாம். சீக்கிரம் போகச் சொல்வதற்குக் காரணம், கோடையில் இங்கே இடிமழை பெரும்பாலும் பிற்பகலில், மேற்கிலிருந்து வருவதுதான். காற்றில்லாத புழுக்கமான காலையைத் தொடர்ந்து மாலையில் 40 நாட் வேகத்துக்கு மேல் சூறைக்காற்று அடிப்பதும் உண்டு. மேற்கே வானம் கறுத்தால் பாய்களை இறக்கிக் கட்டிவிட்டு எஞ்சினில் போங்கள். புதியவருக்கு மே மாதமும் செப்டம்பர், அக்டோபரும்தான் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் காற்றும் இருக்காது, இறங்கிக் குளிக்கலாம் என்றால் ஜெல்லி மீன் கொட்டும்.

வழியில் தாமஸ் பாயின்ட் கலங்கரை விளக்கம் வரும். 1875-இல் தண்ணீருக்கு நடுவே இரும்புக் கால்களில் நிறுத்திய அறுகோண வீடு, இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. எல்லாரும் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள். விளக்குக்கும் கரைக்கும் நடுவே மட்டும் குறுக்கு வழி பிடிக்காதீர்கள், அங்கே ஆழமில்லாத திட்டு இருக்கிறது. தெற்கே போகும்போது விளக்கு உங்கள் வலப்பக்கம் இருக்கட்டும்.

நண்டுக் கூடுகளின் சிறு மிதவைகள் சிதறிக் கிடக்கும். எஞ்சின் ஓடும்போது அவற்றின் கயிறு படகை உந்தும் விசிறியில் சுற்றினால் பயணம் அங்கேயே முடிந்தது. ஆழமான கால்வாயில் பால்டிமோருக்குப் போகும் சரக்குக் கப்பல்கள் 15 நாட் வேகத்தில் வந்தால் 4 கடல் மைலை 16 நிமிடத்தில் கடந்துவிடும். அவை உங்களுக்காக ஒதுங்காது. கால்வாயை நேர்க்கோட்டில், சீக்கிரமாகக் குறுக்கே கடந்துவிடுங்கள்.

இந்தியா, இலங்கைக் கடற்கரையில் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் மிதவை நிறங்கள் தலைகீழ். கடலிலிருந்து உள்ளே வரும்போது நம் பக்கம் சிவப்பு இடது கையில் இருக்கும். இங்கே வலது கையில்.

காற்று 15 நாட் வேகத்தை நெருங்கும்போதே பெரிய பாயை ஒரு மடிப்பு குறைத்துக் கட்டுங்கள். படகு குறைவாகச் சாயும், வேகம் பெரிதாகக் குறையாது. இதைத் துறையிலேயே, காற்றில்லாத நாளில், கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகுங்கள்.

படி 7: நங்கூரம்

ரோட் ரிவரின் அடி சேறு, நங்கூரம் நன்றாகப் பிடிக்கும். ஆழம் 8 அடி, முன்பக்க டெக் நீருக்கு மேல் 4 அடி, ஓதம் ஏறினால் இன்னும் 2 அடி: மொத்தம் 14. கயிறு அதைப்போல ஏழு மடங்கு, அதாவது 98 அடி விட வேண்டும். புதியவர்கள் ஆழத்தை மட்டும் ஏழால் பெருக்கி 56 அடியில் நிறுத்திவிடுகிறார்கள். இரவில் நகர்வது அந்தப் படகுதான். நங்கூரத்தை வீசக் கூடாது. இறக்கி, படகைப் பின்னுக்கு விட்டு, எஞ்சினை ரிவர்ஸில் மெதுவாகக் கூட்டி இழுத்துப் பாருங்கள். கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு வீட்டையும் நேராக வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அரைமணி கழித்தும் அவை ஒரே கோட்டில் இருந்தால் சமைக்கலாம்.

படி 8: நவம்பர்

இங்கே தண்ணீர் உறையும். படகைக் கரையேற்றியதும் எல்லா சீகாக்குகளையும் திறந்து வடியவிடுங்கள். உள்ளே மாட்டிய ஒரு வாய் தண்ணீர் உறைந்தாலே வெண்கலம் வெடிக்கும். எஞ்சினின் குளிர்நீர்ப் பாதையில், இளஞ்சிவப்பு நிறத்தில் விற்கும் புரொப்பிலீன் கிளைகால் என்ற உறைதடுப்புத் திரவம் புகைக்குழாய் வழியாக வெளியே வரும்வரை ஓட்டுங்கள். காருக்கு ஊற்றும் எத்திலீன் வகை நஞ்சு, அது வேண்டாம். குடிநீர்த் தொட்டியைக் காலி செய்து, பாய்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே மடித்து வீட்டுக்கு எடுத்துப் போங்கள். பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து ஒயரைக் கழற்றி வையுங்கள். சாக்பீஸ் வட்டங்களில் மீதி இருப்பவற்றுக்கும், அந்த மெத்தை உறைக்கும், மார்ச் வரை நேரம் இருக்கிறது.