கன்னியாகுமரி மாவட்டப் பழையாற்றில் நீர், மீன், அதன் கரை வயல்களில் மண் மாதிரி எடுப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

ஆற்று ஆய்வு பெரும்பாலும் கெட்டுப்போவது ஆய்வகத்தில் அல்ல, கரையில்தான். பாட்டிலுக்குள் தவறான நீர் வந்துவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் அதைத் திருத்தித் தராது. அதனால் கரையில் செய்ய வேண்டியதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் இடம். பூதப்பாண்டிப் பக்கம் ஒன்று, நாகர்கோவில் கழிவுநீர் கலந்த பிறகு ஒழுகினசேரிக்குக் கீழே ஒன்று, சுசீந்திரம் தாண்டி ஒன்று. தொடக்கத்துக்கு மூன்று போதும். மணக்குடிப் பொழிமுகத்தில் கடல்நீர் ஏறி இறங்கும். கை பழகும்வரை அங்கே போக வேண்டாம். படித்துறையிலும் எடுக்காதீர்கள், கிடைப்பது ஆறு அல்ல, சோப்பு.

பாட்டிலில் இடம், தேதி, நேரம் மூன்றையும் பென்சிலால் எழுதி ஒட்டிய பிறகே ஆற்றில் இறங்குங்கள். நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, அதே நீரால் பாட்டிலை மூன்று முறை அலசி, மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே நிரப்புங்கள். உலோகங்களைச் சோதிக்க வேண்டுமானால் அமிலத்தில் கழுவிய தனி பாட்டில் தேவை. அதை ஆற்றுநீரால் அலசாமல் நிரப்பி, நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். (அமில-காரத் தன்மை) அளவை 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும்.

கரைந்த ஆக்சிஜனுக்குத்தான் பொறுமை வேண்டும். 300 மில்லி கண்ணாடி பாட்டிலை நீர் வழியும்வரை, ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்புங்கள். கையுறை அணிந்து மாங்கனீசு சல்பேட்டு ஒரு மில்லி, காரம் கலந்த அயோடைடு-அசைடு கரைசல் ஒரு மில்லி விட்டு, மூடித் தலைகீழாகப் புரட்டுங்கள். பழுப்பு வீழ்படிவு (அடியில் படியும் துகள்) வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் அந்த நீரில் மீனுக்கு மூச்சு கிடையாது. சரியான அளவை ஆய்வகத்தில் செய்யும் தையோசல்பேட்டுத் தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) சொல்லும். மீன் வளர்ப்புக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். விடியலுக்கு முன்பு ஆக்சிஜன் குறைந்தும், பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்யும் பிற்பகலில் கூடியும் இருக்கும். மூன்று இடங்களை ஒப்பிட வேண்டுமானால் ஒரே வேளையில் எடுத்தாக வேண்டும்.

மீனுக்குச் சந்தை உதவாது. எந்த நீரில் பிடித்தது என்று தெரியாத மீன் குழம்புக்குத்தான் ஆகும். ஆற்றில் வீச்சுவலை போடுபவரிடம், உங்கள் கண்முன் பிடித்ததை வாங்குங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை நீளம், பிறகு எடை; குறித்துக்கொண்டு பனிக்கட்டியில் வையுங்கள். உலோகச் சோதனைக்குப் போகும் மீனை ஃபார்மலினில் போடாதீர்கள். செவுள், கல்லீரல், தசை மூன்றையும் தனித்தனியே பிரியுங்கள். பொதுவாகத் தசையைவிட மற்ற இரண்டிலும்தான் உலோகம் அதிகம் தங்கும்.

வயல் மண் எடுக்க உகந்த காலம் கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுவடை முடிந்து, கும்பப்பூவுக்கு (இரண்டாம் போகம்) அடியுரம் போடுவதற்கு முன். வரப்போரம், எருக்குழி, மர நிழல் மூன்றையும் தவிர்த்து, வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடங்களில் ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணை மேலிருந்து கீழாகச் சீவுங்கள். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பாகங்களை நீக்கி, அரைக் கிலோ ஆகும்வரை குறையுங்கள். தென்னந்தோப்பு என்றால் 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் தனித்தனி மாதிரி. நிழலில் உலர்த்துங்கள். உரச் சாக்கில் மட்டும் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.