கூழாகிப் போன பூட்டீன்

கனடாவின் மொன்றியலுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் வீட்டிலேயே பூட்டீன் செய்து பார்த்தேன். உருளைக்கிழங்கு வறுவல், சீஸ் கட்டி, மேலே சூடான கிரேவி. 1950களில் இங்கே கியூபெக் மாகாணக் கிராமப்புறத்தில் தோன்றிய சாப்பாடு, இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். தட்டில் கிடைத்தது கூழ்.

முதல் தப்பு கிழங்கில்தான். ஒரே தடவையில் பொரித்திருந்தேன். இப்போது விரல் பருமனுக்கு நறுக்கி, அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, துணியால் ஈரம் போகத் துடைக்கிறேன். 160 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் நிறம் மாறாமல் ஐந்தாறு நிமிடம் வேகவிட்டு எடுத்து ஆறவைக்கிறேன். அப்புறம் 190 டிகிரியில் பொன்னிறமாக இன்னொரு முறை. தட்டில் போட்டால் கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும்.

அடுத்தது சீஸ். துருவிய மொசரெல்லாவைத் தூவினேன்; கிரேவி பட்டதும் உருகி நூல் நூலாக இழுத்தது. வேண்டியது செடார் என்ற சீஸ் வகையைச் செய்யும்போது கிடைக்கும் புதுக் கட்டிகள். கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தம் போடும். ஃபிரிட்ஜில் வைத்தால் அந்தக் கீச்சு போய்விடும். அதனால் வாங்கிய அன்றே, அறைச் சூட்டிலேயே போட்டுவிடுகிறேன்.

கிரேவிக்கு வெண்ணெயில் மைதாவைச் சிவக்க வறுத்து, மாட்டெலும்புச் சாறும் கோழிச் சாறும் கலந்து ஊற்றிக் கொதிக்கவிடுகிறேன். முதலில் ரசம் மாதிரி ஓடியது! இப்போது கரண்டியின் முதுகில் ஒட்டும் பதம் வந்தபின்தான் இறக்குகிறேன். எல்லோரும் மேசையில் உட்கார்ந்த பிறகே கொதிக்கக் கொதிக்க ஊற்றுவேன்.