வாரம் 80 கிலோமீட்டருக்குப் போகும்போது செய்யும் தவறுகள்

வாரத்துக்கு 40 கி.மீ. ஓடுகிறவர் மாரத்தானுக்காக 80-க்கு ஏறும்போது செய்கிற பெரிய தவறு, தூரத்தோடு வேகத்தையும் கூட்டுவது. கூடுகிற தூரம் முழுக்க மெதுவான ஓட்டமாகவே இருக்கட்டும். பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. போட்டியில் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்று குறி வைத்தவருக்கு இது 7 நிமிடத்தை ஒட்டி வரும். இதயமும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும், எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று ஏற்றிக்கொண்டே போகிறவர்களுக்குத்தான் கால் எலும்பில் கீறல் விழுகிறது. மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் தூரத்தைக் கால்பங்கு குறைத்துவிடுங்கள். 40-லிருந்து 80-க்கு நான்கு மாதமாவது வேண்டும்.

அடுத்தது வேலூர் வெயில். ஜனவரியில் ஓடிய வேகத்தையே மே மாதமும் கைக்கடிகாரத்தில் பார்க்க ஆசைப்படாதீர்கள். பகலில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் விடியற்காலையிலும் தார்ச்சாலை முழுசாக ஆறியிருக்காது. நாலரை மணிக்கே கிளம்புங்கள், வேகத்தை விட்டுவிட்டு மூச்சைக் கவனியுங்கள். ஓடுமுன்னும் பின்னும் ஈர உடையைக் கழற்றி எடை பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் அரை லிட்டர் குடித்தும் ஒன்றரை கிலோ குறைந்திருந்தால், மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. அதை வெறும் தண்ணீரால் மட்டும் ஈடுகட்டக் கூடாது. அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, குமட்டல், குழப்பம் வரும், உயிருக்கே ஆபத்து. நீண்ட ஓட்டத்தில் உப்பும் சேர்ந்த பானம் வேண்டும், தாகத்துக்கு ஏற்பக் குடித்தால் போதும்.

வாரத்தில் 45 கி.மீ. ஓடிவிட்டு அதில் 30-ஐ ஞாயிறு ஒரே நாளில் முடிப்பது பலருடைய பழக்கம். நீண்ட ஓட்டம் வாரத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கட்டும். 80-ஐத் தொட்டவர்களுக்குத் திருவண்ணாமலை கிரிவலப் பாதை அருமையான இடம். ஒரு சுற்று 14 கி.மீ., இரண்டு சுற்றோடு நிறுத்தலாம், தண்ணீரையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம். பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள். அங்கேயே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டுப் பழகுங்கள். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும். போட்டியன்று முதல்முறையாகச் சாப்பிட்டால் வயிறு ஏற்காது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது நல்ல பயிற்சிதான். ஓடியே இறங்கினால் தொடைத்தசை நாலைந்து நாளைக்கு வலிக்கும், அந்த வாரம் நீண்ட ஓட்டத்தை வைக்காதீர்கள்.

ஷூ 500 முதல் 800 கி.மீ. தாங்கும். வாரம் 80 என்றால் பத்து வாரத்துக்குள் ஆயுள் முடிந்துவிடும், அடிப்பாகம் புதிதாகத் தெரிந்தாலும் மெத்தை செத்திருக்கும். இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

தசைவலி பரவலாக இருக்கும், ஓட ஓடக் குறையும். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி, ஒற்றைக்காலில் குதித்தால் குத்துகிற வலி, இரவில் படுத்தாலும் விடாத வலி எலும்புடையதாக இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பக் கீறல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம், எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள்.