ரோஸ் நிறக் கப்பல்: கல்லூரி கேம் கிளப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு பொறியியல் கல்லூரியில் கேம் கிளப் தொடக்க விழாவுக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது செயலாளர் தம்பி லேப்டாப்பைத் திறந்தார். மூன்றாம் ஆண்டு மாணவர். திரையில் 42 பக்க ஆவணம் ஒன்று. "அண்ணா, இந்த வருடம் ஆளுக்கொன்றாகச் செய்து சிதற வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். கிளப் முழுவதும் சேர்ந்து ஒரே கேம். சோழர் கடற்படை. ஓப்பன் வேர்ல்டு, இஷ்டப்படி எங்கும் சுற்றலாம்."

எனக்குப் புரையேறிவிட்டது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் லேப்டாப்பில் இருந்த ஆவணம் 38 பக்கம். அதுவும் சோழர் கடற்படைதான். அதிலும் மூன்றாம் அத்தியாயத்தில் கடாரம் வந்தது. ராஜேந்திர சோழனின் படை 1025-இல் கடாரத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. நம் கல்லூரி கேம் கிளப்களில் அது இன்னும் நாகப்பட்டினத்தைவிட்டுக் கிளம்பவில்லை.

அன்று அந்தத் தம்பியிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். அடிக்கடி சேமியுங்கள், திருட்டு மென்பொருள் போடாதீர்கள் போன்ற அறிவுரைகளை விட்டுவிட்டேன். அவற்றை ஒரு முறை அடிபட்டால் தானாகவே கற்றுக்கொள்வீர்கள்.

கிளப்புக்கு ஒரே பெரிய கேம்

எங்கள் கப்பலின் கதையை முதலில் கேளுங்கள்.

ஆகஸ்ட் மாதம் 37 பேருடன் தொடங்கினோம். நான்தான் தலைவர். கதைக் குழு, ஓவியக் குழு, புரோகிராமிங் குழு, இசைக் குழு என்று பிரித்தேன். வரலாற்று ஆய்வுக் குழு என்றுகூட ஆறு பேரை நூலகத்துக்கு அனுப்பினேன். முதல் இரண்டு மாதம் ஆவணம் வளர்ந்தது, திரையில் ஒன்றும் வரவில்லை. நவம்பரில் செய்முறைத் தேர்வு, பிறகு செமஸ்டர் தேர்வு, விடுமுறை. ஜனவரியில் திரும்பி வந்தபோது 22 பேர் இருந்தார்கள். கடல் தண்ணீர் தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று மூன்று வாரம் அதற்கே போனது. லேப் கணினிகளில் 4 ஜி.பி. ராம்தான். அலை அடிக்கும்போதெல்லாம் கப்பல் ஸ்லைடு ஷோ போல நகர்ந்தது.

ஏப்ரலில் கல்லூரி நாள். கல்லூரி முதல்வர் எங்கள் அரங்குக்கு வருவதாக ஏற்பாடு. முந்தைய இரவு ஒருவன் துறைமுகத்தில் விளக்குகளை வைத்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் சுங்கச் சாவடிக் கதவைத் திறக்க வைத்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரே காட்சிக் கோப்பில். விடியற்காலை மூன்று மணிக்கு இரண்டையும் சேர்க்கப் பார்த்தால், பலர் செய்த மாற்றங்களைப் பதிந்து ஒன்றுசேர்க்கும் கிட் (Git) மென்பொருள் முரண்பாடு என்று கத்தியது. ஒருவனின் வேலையைத் தூக்கிப்போட்டுவிட்டு மற்றவனுடையதை வைத்துக்கொண்டேன். கதவு போய்விட்டது.

காலையில் அரங்கில் இருந்த கணினியில் போட்டால் கப்பல் முழுக்க அடிக்கிற ரோஸ் நிறம். துறைமுகம் ரோஸ், பாய்மரம் ரோஸ், ராஜேந்திர சோழனின் முகமும் ரோஸ். காரணம் இதுதான்: நாங்கள் பயன்படுத்திய யூனிட்டி என்ற இன்ஜினில் (கேம் உருவாக்கும் மென்பொருள்) ஒவ்வொரு படத்துக்கும், முப்பரிமாண மாதிரிக்கும், நிரல் கோப்புக்கும் பக்கத்தில் ஒரு சிறிய மெட்டா கோப்பு இருக்கும். அந்தப் பொருளின் அடையாள எண் அதில்தான் இருக்கிறது. கப்பலுக்கு எந்த மரப்பூச்சு என்பதைப் பெயரால் அல்ல, அந்த எண்ணால்தான் இன்ஜின் தேடுகிறது. எங்களில் யாரோ ஒருவர் அவற்றைக் குப்பை என்று நினைத்து, கிட் கண்டுகொள்ள வேண்டாதவற்றின் பட்டியலில் சேர்த்திருந்தார். ஆகவே ஒவ்வொரு லேப்டாப்பும் தன் இஷ்டத்துக்குப் புது எண்களைப் போட்டுக்கொண்டது. அவரவர் லேப்டாப்பில் எல்லாம் சரியாக ஓடும். இடம் மாறினால் எதுவும் எதையும் அடையாளம் காணாது. பூச்சு கிடைக்காத பொருளை யூனிட்டி ரோஸ் நிறத்தில் காட்டும்.

முதல்வர் வந்தார், பார்த்தார். "கலர் பிரமாதமாக இருக்கிறது" என்றார். அடுத்து ட்ரோன் கிளப் அரங்குக்குப் போய்விட்டார்.

இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். மெட்டா கோப்புப் பிரச்சினையை இரண்டு மாலைகளில் சரிசெய்துவிட்டோம். எனக்கு இன்றும் எரிச்சல் தருவது வேறு.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஓவியக் குழுவில் இருந்தான். அதிகம் பேசமாட்டான். சொந்த லேப்டாப் கிடையாது. சீனியர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் அவர்களுடைய லேப்டாப்பில் உட்கார்ந்து பிளெண்டர் என்ற முப்பரிமாண மாதிரி செய்யும் மென்பொருளைக் கற்றுக்கொண்டான். ஐந்து மாதம் அவன் செய்தவை கயிறு, கப்பி, அகல் விளக்கு, மிளகு மூட்டை. கயிற்றின் முறுக்கைக்கூட விடாமல் செய்திருந்தான். கோடையில் கிளப் படுத்துவிட்டது. நான் வேலைக்குப் போன பிறகு, தன் இறுதியாண்டில் அவன் எனக்கு போன் செய்தான். நாளை நேர்காணல் என்றான். "அண்ணா, நீங்கள் செய்த கேம் எது என்று கேட்டால் நான் எதைச் சொல்வது?"

என்னிடம் பதில் இல்லை. அவன் செய்த கயிறு யாருடைய பென் டிரைவில் இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியாது. அந்த ஐந்து மாதத்தில் அவன் மூன்று சிறிய கேம்களை முடித்திருக்கலாம். அவற்றை அவனுடைய அம்மா செல்போனில் விளையாடிப் பார்த்திருக்கலாம். 38 பக்கம் எழுதிய எனக்கு அது தோன்றவில்லை.

இது ஏன் ஒவ்வொரு கல்லூரியிலும் இப்படியே முடிகிறது என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு செமஸ்டரில் இன்டெர்னல் தேர்வுகள், சிம்போசியம், விளையாட்டு விழா, ரெக்கார்டு எழுதும் வாரம், ஊருக்குப் போகும் பண்டிகைகள் எல்லாவற்றையும் கழித்தால் உருப்படியாக ஆறு வார இறுதிகள் மிஞ்சும். அதற்குள் முடியாத எதுவும் விடுமுறையைத் தாண்டி உயிர் பிழைப்பதில்லை. பெரிய கேமில் ஒருவர் வேலைக்காக இன்னொருவர் காத்திருக்க வேண்டும். கதைக் குழு பத்து நாளில் எழுதி முடித்துவிட்டு மீதி வருடம் சும்மா இருந்தது. புரோகிராமிங் தெரிந்த மூன்று பேர் தூங்கவில்லை. நடுவில் இருந்தவர்கள் "நாங்கள் என்ன செய்யட்டும்?" என்று இரண்டு முறை கேட்டார்கள். மூன்றாவது முறை கேட்கவில்லை, வரவும் இல்லை.

இதைச் சொன்னதும் செயலாளர் தம்பி உடனே 'போர்ட்டல்' என்ற புகழ்பெற்ற கேமின் பேச்சை எடுத்தார். "மாணவர்கள் செய்ததிலிருந்துதானே அண்ணா அது வந்தது?" உண்மைதான். அமெரிக்காவில் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 2005-இல் வெளியிட்ட 'நார்பாகுலர் டிராப்' என்ற கேமைப் பார்த்து வால்வ் நிறுவனம் அந்தக் குழுவை வேலைக்கு எடுத்துக்கொண்டது. 2007-இல் போர்ட்டல் வந்தது. ஆனால் அந்த மாணவர் கேமைப் போட்டுப் பாருங்கள். நிலவறையில் சில அறைகள், சுவரில் இரண்டு வாசல்கள், ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளியே வரலாம். இருப்பது அந்த ஒரே யோசனை. அதில் வரும் இளவரசிக்குக் குதிக்கக்கூடத் தெரியாது. 'முழங்கால் இல்லாதவள்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். குதிக்கும் அசைவைச் செய்யும் வேலை மிச்சம். செய்ததும் சிறிய குழு. நாற்பது பேர் கூடித் தேர் இழுக்கவில்லை.

நான் சொல்லும் மாற்று மிகச் சாதாரணமானது. மூன்று பேர், ஒரு யோசனை, மூன்று வாரம், ஒரே திரை. முடிந்ததும், சிறிய கேம்களை யாரும் வெளியிடக்கூடிய இட்ச் (itch.io) தளத்தில் பிரவுசரிலேயே ஓடும்படி ஏற்றிவிட வேண்டும். தரவிறக்கச் சொன்னால் உங்கள் அறைத்தோழன்கூட விளையாடமாட்டான். புதிதாகச் சேர்ந்தவர் முதல் இன்டெர்னலுக்கு முன்பு ஏதாவது ஒரு முடிந்த கேமில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும். அது 1972-இல் வந்த பாங் கேமின் நகலாக இருந்தாலும் பரவாயில்லை. நகலிலேயே பந்து மட்டையின் ஓரத்தில் பட்டால் எந்தக் கோணத்தில் திரும்ப வேண்டும் என்று சண்டை வரும். கேம் வடிவமைப்பு அந்தச் சண்டையில்தான் தொடங்குகிறது.

சோழர்களை விட மனமில்லை என்றால், இரண்டு சிறிய கேம்களை முடித்தவர்கள் மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். அவர்களே அதை ஒரு படகாகக் குறைத்துவிடுவார்கள்.

பத்து வார வகுப்பு

கப்பலுக்கு அடுத்த வருடம் நான் எதிர்த் திசையில் விழுந்தேன். யாருக்கும் அடிப்படை தெரியவில்லை, அதனால்தான் தோற்றோம் என்று சனிக்கிழமைதோறும் வகுப்பு வைத்தேன். முதல் வாரம் மாறிகள், இரண்டாம் வாரம் லூப், மூன்றாம் வாரம் கிளாஸ். நூறு பேருக்கு மேல் வந்தார்கள், கருத்தரங்கக் கூடத்தில் நாற்காலி போதவில்லை. எட்டாவது வாரம் ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் ஏசிக்காக வந்தவர்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

வாரம் முழுவதும் வகுப்பில் உட்கார்ந்தவரைச் சனிக்கிழமையும் வகுப்பில் உட்கார வைத்தால் ஏன் வருவார்? முதல் நாளே ஓடுகிற கேம் ஒன்றைக் கொடுத்து, உடைக்கச் சொல்லுங்கள். வேகத்தைப் பத்து மடங்காக்கட்டும், எதிரியை யானை அளவுக்குப் பெரிதாக்கட்டும். லூப் எதற்கு என்று அவர்களே கேட்கும் நாள் வரும். அன்று சொல்லிக்கொடுங்கள்.

எந்த இன்ஜின்?

எதுவானாலும் சரி, வெள்ளிக்கிழமைக்குள் முடிவெடுங்கள்.

பென் டிரைவ்

கேம் கோப்புகளைப் பரிமாற அது வேண்டாம். கிட் பழக ஒரு மாலை போதும். யூனிட்டி என்றால் மெட்டா கோப்புகளைச் சேருங்கள், யூனிட்டி தானே உருவாக்கிக்கொள்ளும் லைப்ரரி ஃபோல்டரை விட்டுவிடுங்கள். 100 எம்.பி.யைத் தாண்டிய ஒற்றைக் கோப்பைச் சாதாரணமாக ஏற்றினால், கிட் கோப்புகளை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளம் வாங்காது. உங்கள் இசைக் குழு அப்படி ஒன்றை நிச்சயம் கொண்டுவரும்.

இரவு முழுவதும் ஜாம்

ஜாம் என்றால் குறித்த நேரத்துக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் நிகழ்ச்சி. அவற்றில் பெயர்பெற்ற லுடும் டேர் 2002-இல் தொடங்கியது, குளோபல் கேம் ஜாம் 2009-இல். இரண்டையும் பிரபலமாக்கியது 48 மணி நேரம் என்ற கெடு. அதைக் கேட்டதும் நம் பிள்ளைகள் 48 மணி நேரமும் விழித்திருப்பதுதான் விதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் முதல் ஜாமை வெள்ளி மாலை ஐந்து மணிக்குத் தொடங்கினோம். ஆறரை மணிக்கு மகளிர் விடுதிக் கதவு சாத்திவிடும். எங்கள் கிளப்பில் மிக ஒழுங்காக நிரல் எழுதியவர்கள் இரண்டு மாணவிகள். தலைப்பை அறிவித்து, குழு பிரித்து, யோசனையைப் பேசி முடிப்பதற்குள் அவர்கள் பையை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. மறுநாள் காலை வந்து பார்த்தால் இரவில் இருந்தவர்கள் யோசனையையே மாற்றியிருந்தார்கள். அடுத்த ஜாமுக்கு அந்த இருவரும் பெயர் கொடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை.

இரண்டு சனிக்கிழமை, காலை எட்டு முதல் மாலை ஆறு வரை வையுங்கள். பஸ்ஸில் வந்து போகிற மாணவர்களுக்கும் அது உதவும். லேப்பில் நடத்தினால் முதலில் லேப் பொறுப்பாளரிடம் ஒன்று கேளுங்கள்: கணினியை அணைத்துப் போட்டால் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் துடைத்துவிடும் மென்பொருள் போட்டிருக்கிறார்களா? பல கல்லூரி லேப்களில் இருக்கிறது. மதியம் மின்சாரம் போய் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தமிழில் கேம் செய்யும்போது

செய்யுங்கள், ஆனால் முதல் நாளே 'கொக்கு' என்று எழுதித் திரையில் பாருங்கள். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றால், உங்கள் இன்ஜினின் எழுத்துக் கருவிக்குத் தமிழ் எழுத்துகளை வரிசைப்படுத்தத் தெரியவில்லை என்று அர்த்தம். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. நாங்கள் ஒரு வாரம் எழுத்துருவைத்தான் மாற்றிக்கொண்டிருந்தோம். கடைசியில் எல்லா வசனங்களையும் படமாக எடுத்து ஒட்டினோம். ஒரு எழுத்துப்பிழை என்றால் ஒரு படம். 2023-இல் வந்த கோடாட் 4 என்ற இன்ஜின் இதைத் தானே சரியாகச் செய்கிறது.

பதவிகள்

மூன்று பேர் போதும்: தேதி குறிப்பவர், லேப் சாவி வாங்குபவர், கேமை ஏற்றுபவர். இணைச் செயலாளர், துணை இணைச் செயலாளர் எல்லாம் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்துக்கு மட்டுமே பயன்படும்.

கடவுச்சொல்

இதை மேடையிலேயே சொன்னேன், யாரும் குறித்துக்கொள்ளவில்லை. கிளப்பின் கணக்குகளைத் தலைவரின் கல்லூரி மின்னஞ்சலில் திறக்காதீர்கள். படிப்பு முடிந்து சில மாதங்களில் அந்த முகவரியை மூடிவிடுவார்கள். அதோடு இட்ச் பக்கம், கிட்ஹப், சுவரொட்டிக் கோப்புகள் எல்லாம் பூட்டிக்கொள்ளும். கிளப் பெயரில் தனி முகவரி ஒன்று வேண்டும். அதன் கடவுச்சொல் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடமும் பொறுப்பாசிரியரிடமும் தாளில் இருக்க வேண்டும். இறுதியாண்டுக்காரர்கள் வேலைவாய்ப்பு முகாம் தொடங்குவதற்கு முன்பே கையைவிட்டு ஒப்படைத்துவிட வேண்டும். முகாம் தொடங்கிய பிறகு அவர்கள் போனை எடுக்கமாட்டார்கள். நான் எடுக்கவில்லை.

எங்கள் கிளப்பின் இட்ச் பக்கம் இன்றும் திறக்கிறது. ரோஸ் நிறத்தைச் சரிசெய்த பிறகு அந்தக் கப்பலை அதில் ஏற்றியிருந்தோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் முகம் தெரியாத ஒருவர் அதன் கீழே எழுதியிருக்கிறார்: "துறைமுகத்தில் இறங்கிவிட்டேன். சுங்கச் சாவடிக்கு எப்படிப் போவது? கதவு எங்கே?" பதில் எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்தேன். கடவுச்சொல் யாரிடமும் இல்லை.