காட்டில் தண்ணீர் காய்ச்சும்போது எங்கே தவறுகிறோம்?

மலையேறப் போகும் பலர் ஓடைத் தண்ணீரை இருபது நிமிஷம் காய்ச்சினால்தான் கிருமி சாகும் என்று நம்பி சுள்ளியை எரித்துத் தீர்க்கிறார்கள். அவ்வளவு தேவையே இல்லை. தளதளவென்று கொதி வந்த பிறகு 1 நிமிஷம் போதும், 2000 மீட்டருக்கு மேலே என்றால் 3 நிமிஷம், ஏனென்றால் உயரம் கூடக் கூட தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், கொடைக்கானலில் அது 93 டிகிரி பக்கம்தான். அதற்காக அடியில் சின்னச் சின்னக் குமிழி எழும்பியதுமே இறக்கிவிடாதீர்கள், அது தண்ணீரில் கரைந்திருந்த காற்று.

பெரிய தவறு நடப்பது இறக்கிய பிறகு. ஓடையில் முக்கி மொண்ட அதே பாட்டிலில் காய்ச்சிய தண்ணீரையும் ஊற்றினால், மூடியின் மறையிலும் வாய் விளிம்பிலும் ஒட்டியிருக்கும் பச்சைத் தண்ணீர் திரும்ப உள்ளே போய்விடும், காய்ச்சியதே வீண். மொள்ள ஒரு பாத்திரம், குடிக்க ஒரு பாட்டில் என்று கிளம்பும்போதே பிரித்துவிடுங்கள், குடிக்கிற பாட்டில் ஓடையைத் தொடவே கூடாது. சீக்கிரம் ஆறட்டும் என்று கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலப்பதும், தம்ளரை ஓடையில் அலசுவதும் இதே கதைதான்.

கலங்கல் தண்ணீரை அப்படியே அடுப்பில் வைக்க வேண்டாம். தெளிய விட்டு, நாலாக மடித்த பருத்தித் துணியில் வடிகட்டி, அப்புறம் காய்ச்சுங்கள். தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடிவரும் ஓடை என்றால் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பூச்சிமருந்து கொதித்துப் போகாது, தண்ணீர் ஆவியாக ஆக இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும்.

இரட்டைச் சுவர் ஃபிளாஸ்க்கையோ மூடி இறுக்கிய ஸ்டீல் பாட்டிலையோ தீயில் வைத்தால் வெடிக்கும். ஆற்றில் ஊறிக்கிடந்த கல்லை எடுத்து அடுப்புக் கூட்டினாலும் சூட்டில் சிதறலாம், காய்ந்த மேட்டுக் கல் நல்லது. அரளிக் குச்சி அடுப்புக்கு வேண்டவே வேண்டாம், அது விஷம்.

காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மாதிரி கோடையில், புல் காய்ந்து நிற்கும் சரிவில், அனுமதியே கிடைத்தாலும் அடுப்பு மூட்டாதீர்கள். தண்ணீரைச் சுமந்துகொண்டு போங்கள், கூடவே குளோரின் மாத்திரை ஒரு அட்டை, அதில் போட்டிருக்கும் நேரம் முழுக்கக் காத்திருந்து குடியுங்கள்.